பின்வரிசையில் ஒளிந்திருக்கும் நான்கு பிளக்குகள்: பழைய ஹோண்டா சிட்டிக்கு வீட்டிலேயே பிளக் மாற்றுவது எப்படி

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2006 மாடல் ஹோண்டா சிட்டி. 1497 சிசி, ஐ-டி.எஸ்.ஐ எஞ்சின். வாங்கிய மூன்றாம் மாதமே, மேம்பாலம் ஏறும்போது வண்டி லேசாக உதற ஆரம்பித்தது. மைலேஜும் இறங்கியது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பிளக் (சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்) மாற்றியாச்சு என்று பில் கொடுத்தார்கள். பில்லில் நான்கு பிளக். நாலு சிலிண்டர், நாலு பிளக், கணக்குச் சரிதானே என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். உதறல் குறைந்ததே தவிரப் போகவில்லை.

கணக்குத் தப்பு. இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். மொத்தம் எட்டு. பானெட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது முன்வரிசை நான்குதான். மற்ற நான்கு எஞ்சினின் பின்பக்கம், கேபின் சுவரை ஒட்டி, வைப்பருக்கு அடியில் இருட்டில் உட்கார்ந்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் போய்க் கேட்டேன்.

“அண்ணே, பின்னாடியும் நாலு பிளக் இருக்காமே?”

“அது ஒண்ணும் ஆகாது சார். முன்னாடி இருக்கறதுதான் வேலை செய்யும். பின்னாடி கழட்டணும்னா வைப்பர் எல்லாம் பிரிக்கணும், அரை நாள் போயிடும்.”

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. அரை நாள் நம்முடையதாக இருந்தால் பரவாயில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். அதிலிருந்து இரண்டு முறை செய்துவிட்டேன். முன்பின் ஸ்பேனர் பிடிக்காதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் வண்டி வேறாக இருந்தாலும் கைக்கு எட்டாத பிளக் எல்லாவற்றுக்கும் பழக்கம் ஒன்றுதான். குறுக்கே நிற்கும் பொருள் மட்டும்தான் வண்டிக்கு வண்டி மாறும். ஓம்னியில் சீட்டைத் தூக்க வேண்டும், வி6 எஞ்சினைக் குறுக்கே வைத்த பெரிய கார்களில் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

எதற்கு இரண்டு பிளக்?

இது தெரிந்தால்தான் பின்வரிசையை ஏன் விடக்கூடாது என்று புரியும். 2003-இல் வந்து 2008 வரை ஓடிய சிட்டியில் இந்த எஞ்சின் இருந்தது. ஒரு சிலிண்டருக்கு இரண்டே வால்வு. இரண்டு பிளக்குகளில் ஒன்று காற்று உள்ளே வரும் பக்கம், இன்னொன்று புகை வெளியேறும் பக்கம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது முதலில் ஒன்று, நொடியில் மிகச் சிறு பங்கு கழித்து மற்றது என்று பொறி விழும். முடுக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக எரியும். இரண்டு மூலையிலிருந்தும் தீ பரவுவதால் கலவை வேகமாகவும் முழுசாகவும் எரிகிறது. மைலேஜ் அப்படித்தான் கிடைக்கிறது.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. பின்பக்கப் பிளக் தேய்ந்துபோனாலும் முன்பக்கத்துப் பொறி எப்படியோ சிலிண்டரை ஓட்டிவிடும். சாதாரண எஞ்சினில் ஒரு பிளக் செத்தால் வண்டி மூன்று காலில் நொண்டும், உடனே தெரியும். இதில் நொண்டாது. பிக்கப் கொஞ்சம் மந்தமாகும், மைலேஜ் கொஞ்சம் குறையும். வண்டிக்கு வயசாயிடுச்சு என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். பின்வரிசையை யாரும் தொடாமல் வருடக்கணக்கில் ஓட்ட முடிவது இதனால்தான்.

பிளக் வாங்குவது

எட்டு வாங்குங்கள். கடைக்காரர் நான்கைத்தான் எடுத்து வைப்பார், “எட்டு” என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். நான் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். எந்த நம்பர் என்பதற்கு வண்டியோடு வந்த கைப்புத்தகம்தான் ஆதாரம். பழைய பிளக்கைப் பார்த்து அதே நம்பர் வாங்கலாம் என்பார்கள். முந்தைய ஓனர் தப்பானதைப் போட்டிருந்தால் அந்தத் தப்பையும் சேர்த்து வாங்குவீர்கள்.

அந்த நம்பரைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. என்.ஜி.கே. கம்பெனிப் பிளக் பெட்டியில் ‘பி.கே.ஆர்.6.இ-11’ என்று இருந்தால் என்ன பொருள்? ‘பி.கே’ என்றால் மரை 14 மி.மீ. குறுக்களவு, தலை 16 மி.மீ. அறுகோணம். ‘ஆர்’ என்றால் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் ரெசிஸ்டர் உள்ளே இருக்கிறது. 6 என்பது வெப்ப எண், பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பதைச் சொல்வது. ‘இ’ என்றால் மரையின் நீளம் 19 மி.மீ. கடைசி 11 என்பது பொறி விழும் முனைகளுக்கு நடுவே 1.1 மி.மீ. இடைவெளி. மரை நீளம் ஒரு மாதிரி இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீளம் கூடினால் உள்ளே பிஸ்டனில் இடிக்கும். வெப்ப எண்ணும் அப்படித்தான், என்.ஜி.கே.யில் எண் கூடக் கூட பிளக் ‘குளிர்ச்சி’, போஷ்ஷில் அதற்கு நேர் எதிர். கம்பெனி மாற்றி வாங்குவதானால் அவர்களுடைய பொருத்தப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள், நம்பரை நீங்களே ஒப்பிடாதீர்கள்.

நிக்கலா, இரிடியமா? எட்டுவதற்கு எளிதான பிளக் என்றால் நிக்கலே போதும் என்பேன். இங்கே நான் இரிடியம் கட்சி. சாதாரண நிக்கல் முப்பது நாற்பதாயிரம் கிலோமீட்டரில் மாற்றக் கேட்கும், இரிடியம் பொதுவாக ஒரு லட்சம் வரை தாங்கும். பின்வரிசைக்குக் கை விடும் சிரமத்தைப் பார்த்தால் விலை வித்தியாசம் பெரிசில்லை. ஆனால் முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று கலக்காதீர்கள். போலிப் பிளக்குகளும் சந்தையில் உண்டு, அதனால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

கருவிகள்

16 மி.மீ. பிளக் சாக்கெட், உள்ளே ரப்பரோ காந்தமோ இருப்பது. சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும், தடித்தது பிளக் குழிக்குள் இறங்காது. 3/8 இஞ்ச் டிரைவ் ராட்செட், 3 இஞ்சிலும் 6 இஞ்சிலும் எக்ஸ்டென்ஷன், கோணத்தில் மடங்கித் திரும்பும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு 10 மி.மீ. சாக்கெட். கிளிப் நெம்பத் தட்டையான திருப்புளி. முடிந்தால் டார்க் ரென்ச், அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர். நெற்றியில் கட்டும் டார்ச், ஏனென்றால் கையில் பிடிக்கும் டார்ச்சுக்கு மூன்றாவது கை வேண்டும். காற்றடிக்க சைக்கிள் பம்ப், அல்லது கம்ப்யூட்டர் தூசி ஊதும் புளோயர்.

அப்புறம் கடைகளில் ‘கருவி’ என்று விற்காத மூன்று பொருள்கள். ஒன்று, ஒரு அடி நீளப் பெட்ரோல் ஹோஸ். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் தலையில் இறுக்கமாக மாட்டும் அளவு பார்த்து ஹார்டுவேர் கடையில் வெட்டி வாங்குங்கள். இரண்டு, முட்டை அட்டை. மூன்று, பழைய தலையணை. எதற்கு என்று பின்னால் தெரியும்.

சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றிவிடுங்கள். முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. புதுப் பிளக்கை முடுக்கிவிட்டு எக்ஸ்டென்ஷனை இழுத்தால் அது மட்டும் கையோடு வந்தது, சாக்கெட் குழிக்குள்ளேயே பிளக்கைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. அதை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம்.

ஆரம்பிக்கும் முன்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் வேலை தொடங்குவது உத்தமம். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் பிளக்கைத் திருகினால் மரை பிளக்கோடு சேர்ந்து உரிந்து வரும். பின்பக்கம் எக்ஸாஸ்ட் வேறு இருக்கிறது, கை வெந்துவிடும்.

மழை வருமா என்று பாருங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள தட்டைக் கழற்றிவிட்டால் பிளக் குழிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் திறந்தவெளியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் ரேடியோ கோட் கேட்கும், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எதையும் தொடுவதற்கு முன் மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து போனில் படம் எடுத்துவையுங்கள். எந்த ஒயர் எதற்கு மேலே போனது என்ற கேள்வி மத்தியானம் கட்டாயம் வரும்.

முன்வரிசையில் ஒத்திகை

நேரே பின்வரிசைக்குப் போகாதீர்கள். முன்வரிசை நான்கையும் முதலில் மாற்றுங்கள். அங்கே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு பிளக் எப்படி இளகுகிறது, புதுசு மரையில் ஏறும்போது கைக்கு எப்படி இருக்கிறது, எங்கே வந்து ‘உட்காருகிறது’ என்று விரல் கற்றுக்கொள்ளும். பின்னால் போனதும் கண் உதவாது, விரலின் ஞாபகம்தான் துணை.

ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் இருக்கும். மொத்தம் எட்டுக் காயில். முன்வரிசைக் காயிலும் பின்வரிசைக் காயிலும் ஒன்றல்ல, பார்ட் நம்பரே வேறு. அதனால் மாஸ்கிங் டேப்பில் ‘முன் 1’, ‘பின் 1’ என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

காயிலின் கனெக்டரில் ஒரு பூட்டு நாக்கு இருக்கும். அதை அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. பதினைந்து இருபது வருடச் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். நாக்கு வரவில்லை என்றால் கனெக்டரை முதலில் உள்ளே தள்ளி, பிறகு அழுத்துங்கள், பெரும்பாலும் இளகும். 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகிவிட்டு நேராக மேலே தூக்குங்கள். திருகாமல் இழுத்தால் அடியில் உள்ள ரப்பர் கிழிந்து பிளக்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

காயிலை எடுத்ததும் பிளக்கைக் கழற்றாதீர்கள். முதலில் குழிக்குள் காற்றடியுங்கள். குழியில் மணலும் துருவும் இருக்கும். பிளக் வெளியே வந்த நொடியில் அவ்வளவும் நேரே சிலிண்டருக்குள் விழும். கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள், எல்லாம் முகத்துக்குத்தான் வரும். பிறகு பிளக்கைக் கால் சுற்று இளக்கி, இன்னொரு முறை ஊதுங்கள்.

இளகவே மாட்டேன் என்கிறதா? பைப்பை மாட்டி நெம்பாதீர்கள். துரு இளக்கும் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடித்து, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். அரைமணி கழித்து, இளகும் பக்கம் கொஞ்சம், இறுகும் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அசையுங்கள். ‘கீச்’ என்று ஒரு சத்தம் வந்து இளகினால் சரி. ஒவ்வொரு சுற்றுக்கும் கனம் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் ஒரு வெட்கமும் இல்லை. ஹெட்டில் மரை போனால் மரை வெட்டி ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போட வேண்டிவரும், செலவு வேறு மாதிரி.

பின்வரிசைக்கு வழி திறப்பது

வைப்பர் கைகள் கண்ணாடியில் எங்கே படுத்திருக்கின்றனவோ அந்தக் கோட்டில் சின்னதாக டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டிய பின் வைப்பர் ஓரத்தில் போய் முட்டும். வைப்பர் கையின் அடியில் உள்ள மூடியைத் தூக்கினால் நட்டு தெரியும். நட்டை எடுத்த பிறகும் கை வராது, பல் கவ்வியிருக்கும். கையைப் பாதி தூக்கி, மேலும் கீழுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள்.

அடுத்து, கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. ஓரத்து ரப்பர் பட்டையை உரித்துவிட்டு, கிளிப்புகளின் நடுப்பொட்டை முதலில் நெம்பி, பிறகு கிளிப்பை எடுங்கள். இரண்டு மூன்று கிளிப் உடையும். உடையட்டும், ஒரு டஜன் புது கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டால் அழ வேண்டியதில்லை. தட்டைத் தூக்கும்போது கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய் அதோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக் கழற்றுங்கள்.

என் வண்டியில் தட்டுக்கு அடியில் அரைக் கூடை வேப்பிலைச் சருகு இருந்தது. தண்ணீர் வடியும் துளையை அடைத்துக்கொண்டு, மக்கி, எருவாகவே ஆகியிருந்தது. வடிய வழியில்லாத மழைத்தண்ணீர் பின்வரிசைப் பக்கம் சொட்டி, இரண்டு காயிலின் போல்ட்டைத் துருப்பிடிக்க வைத்திருந்தது. மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் உங்களுக்கும் இது இருக்கும். திறந்ததும் முதல் வேலையாக அதை அள்ளுங்கள்.

தட்டுக்குக் கீழே வைப்பர் மோட்டாரும் அதன் கம்பிகளும் ஒரு சட்டமாக இருக்கும். மெல்லிய கை உள்ளவர்கள் சட்டத்தை விட்டுவிட்டே சமாளித்துவிடுவார்கள். என் கைக்கு வழியில்லை, அதையும் கழற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. ஏர் ஃபில்டர் குழாயோ ஒயர்க் கட்டோ குறுக்கே நின்றால் அதையும் நகர்த்துங்கள். பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எதையும் விட்டு வைத்தால் அதைச் சுற்றியே இரண்டு மணி நேரம் போராடுவீர்கள்.

இப்போது தலையணை. ரேடியேட்டருக்கு மேலே உள்ள சட்டத்தில் அதைப் போட்டு நெஞ்சைச் சாய்த்துக்கொண்டால் இரண்டு கையும் பின்பக்கம் எட்டும். தலையணை இல்லாமல் செய்தேன், மறுநாள் விலா எலும்பைத் தொட முடியவில்லை. தகரத்தின் கூர்மையான ஓரங்களில் பழைய துணியை மடித்துப் போடுங்கள்.

பின்வரிசை

முறை முன்வரிசை மாதிரியே, ஒரே வித்தியாசம் எதுவும் தெரியாது என்பதுதான். போன் கேமராவை வீடியோவில் வைத்து உள்ளே நீட்டிப் பாருங்கள். கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இடம் வலம் மாறிக் குழப்பும். ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டர்தான். காயிலைக் கழற்று, ஊது, பிளக்கை எடு, புதுசைப் போடு, காயிலை மாட்டு, அடுத்ததற்குப் போ. நான்கையும் மொத்தமாகத் திறந்து போட்டால் ஏதோ ஒரு நட்டு ஏதோ ஒரு குழியில் விழும்.

எந்தப் பக்கம் திருகினால் இளகும் என்பதிலும் இங்கே குழப்பம் வரும். கை வளைந்து, தலைகீழாகப் போகும்போது ‘இடப்பக்கம்’ எது என்றே தெரியாது. ஒரு கடிகாரத்தை பிளக்கின் தலையில் படுக்க வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், முள் போகும் பக்கம் இறுக்கம். ராட்செட்டின் திசையை வெளியிலேயே சரிபார்த்துவிட்டு உள்ளே விடுங்கள்.

யுனிவர்சல் ஜாயின்ட்டை சாக்கெட்டுக்குப் பக்கத்தில் போடாமல், எக்ஸ்டென்ஷனுக்கு மேலே, குழிக்கு வெளியே வரும்படி வையுங்கள். குழிக்குள் ஜாயின்ட் மடங்கினால் சாக்கெட் சாய்ந்து பிளக்கின் பீங்கானை உடைத்துவிடும்.

இளகிய பிளக்கை மேலே எடுக்கவும், புதுசை இறக்கவும் அந்த பெட்ரோல் ஹோஸ்தான். சாக்கெட்டால் முழுக்க இளக்கிவிட்டு, ஹோஸை பிளக்கின் தலையில் அழுத்தி மாட்டித் தூக்குங்கள். புதுப் பிளக்கை ஹோஸில் செருகி குழிக்குள் இறக்குங்கள். முதலில் இளகும் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் பிளக் ‘டக்’ என்று மிகச் சின்னதாக ஒரு படி இறங்கும். மரையின் வாய் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து இறுகும் பக்கம் திருப்புங்கள். விரலாலேயே குறைந்தது ஏழெட்டுச் சுற்றாவது சுகமாகப் போக வேண்டும். கோணலாக ஏறினால் ரப்பர் ஹோஸ் வழுக்கிவிடும், மரையைக் கெடுக்கும் அளவுக்கு அதற்கு பலமில்லை. ராட்செட் அந்த தயவு காட்டாது, அலுமினியத்தில் புது மரையே வெட்டிக்கொண்டு போய்விடும்.

நான்காவது சிலிண்டரின் பின்பிளக்குக்கு என் விரல் போகவே இல்லை. பத்தாவது படிக்கும் மகளைக் கூப்பிட்டேன். ஹோஸின் நுனியைப் பிடித்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு சுற்றினாள்.

“அப்பா, ஏதோ இறங்குச்சு.”

“அதான்மா. இப்ப இந்தப் பக்கம் திருப்பு.”

இரண்டு நிமிடத்தில் முடிந்தது. நான் அதற்கு முன் இருபது நிமிடம் போராடியிருந்தேன்.

எவ்வளவு முடுக்குவது

14 மி.மீ. மரைக்கும் அலுமினிய ஹெட்டுக்கும் பிளக் கம்பெனிகள் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் என்பார்கள். ஹோண்டா தன் எஞ்சின்களுக்குச் சொல்லும் அளவு 18. இரண்டும் முரணாக இருந்தால் நான் வண்டி செய்தவன் சொல்வதைக் கேட்பேன். பின்வரிசையில் டார்க் ரென்ச் நுழைவதே கஷ்டம், ஜாயின்ட் அதிகமாக மடங்கிய நிலையில் அது காட்டும் அளவை நம்பவும் முடியாது. அதனால் கோணக் கணக்கு: விரலால் முழுக்க இறுக்கி வாஷர் தொட்டு நின்ற பிறகு, புதுப் பிளக் என்றால் அரைச் சுற்று, மிஞ்சிப் போனால் மூன்றில் இரண்டு. நசுங்காத வாஷர் நசுங்க அந்தத் தூரம் வேண்டும். கழற்றிய பிளக்கையே திரும்பப் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று, அதாவது கடிகாரத்தில் ஒரு மணி நேரத் தூரம்தான்.

மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். முலாம் பூசிய இன்றைய பிளக்குகளுக்கு அது தேவையில்லை. தடவினால் வழுக்கலில் நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இறுகிவிடும். காயிலின் ரப்பர் வாயின் உள்ளே மட்டும் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு பொட்டு, அடுத்த முறை கிழியாமல் வரும்.

இடைவெளி பற்றி ஒரு வார்த்தை. நிக்கல் என்றால் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டு 1.1 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்து, வெளிக் கொம்பை மட்டும் வளைத்துச் சரி செய்யலாம். இரிடியத்தில் நடுமுனை ஊசி மாதிரி இருக்கும், கேஜை அதில் திணித்தால் உடையும். பார்வையாலேயே சரிபார்த்துப் போட்டுவிடுங்கள். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும்.

முட்டை அட்டை சொல்லும் கதை

கழற்றிய பிளக்குகளை முட்டை அட்டையில் முன்னே நான்கு, பின்னே நான்கு என்று எஞ்சினில் இருந்த வரிசையிலேயே குத்திவையுங்கள். நுனி இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டர் சுகம். அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது கடைத்தெரு வரை மட்டும் ஓடும் வண்டி. எண்ணெய்ப் பிசுக்கு நுனியில் இருந்தால் ரிங், வால்வு சீல் பக்கம் சந்தேகப்பட வேண்டும். பிசுக்கு மேலே, பீங்கான் பக்கம் மட்டும் இருந்தால் அது ராக்கர் கவரில் உள்ள குழிச் சீல் கசிவு, அவ்வளவு பயமில்லை. வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தோ கொப்புளித்தோ இருந்தால் எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது, நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

என் அட்டையில் முன்வரிசை நான்கும் பளபளப்பு, சில மாதம் ஓடியவை. பின்வரிசை நான்கிலும் நடுமுனை மழுங்கி உருண்டிருந்தது, வெளிக் கொம்பு அரித்து மெலிந்திருந்தது. 1.1 இருக்க வேண்டிய இடத்தில் கேஜின் தடித்த தகடு தாராளமாகப் போய்வந்தது. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது போட்ட பிளக்காகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்டார்ட் செய்வது

காயில்கள், கனெக்டர்கள் எல்லாம் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்ததா என்று எண்ணுங்கள், எட்டு வர வேண்டும். காயில் போல்ட்டை மெதுவாக, பிடித்தால் போதும் என்ற அளவில் முடுக்குங்கள். பேட்டரியை மாட்டி, வைப்பர் தட்டைப் போடும் முன்பே ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பிறகு ஒரு கனெக்டர் தொங்குவது தெரிந்தால் வரும் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். வைப்பர் மோட்டாரைக் கழற்றியிருந்தால் அதன் ஒயரை மாட்டி, ஒரு முறை ஓடவிட்டு, தானாக நிற்கும் இடத்தில் நிற்க வைத்த பின்னரே கைகளை டேப் அடையாளத்தில் பொருத்துங்கள்.

முதல் சில நொடி, அடித்த ஸ்ப்ரே எரிந்து லேசாகப் புகையும். பிறகு ஐடிலிங் ஒரே சீராக இருக்க வேண்டும். எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிவுசெய்த கோளாறுக் கோடுகளைப் படிக்கும் கருவி) பாருங்கள். பி0301 முதல் பி0304 வரை வரும் கோடுகளில் கடைசி எண்தான் மக்கர் செய்யும் சிலிண்டர். முதலில் அந்தச் சிலிண்டரின் கனெக்டர்களைப் பாருங்கள். சரியாக இருந்தால் காயிலைப் பக்கத்துக் காயிலோடு இடம் மாற்றுங்கள், முன்னதை முன்னதோடு மட்டும், பின்னதைப் பின்னதோடு மட்டும். கோடும் கூடவே இடம் மாறினால் காயில் போச்சு, மாறாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

முதல் முறை எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. இரண்டாம் முறை இரண்டரை. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘எட்டும்’ என்று சேர்த்து எழுதிவைத்தேன்.

அடுத்த மாதம் ஆயில் மாற்ற அதே ஒர்க்‌ஷாப்புக்கே போனேன். பானெட்டைத் திறந்தவர் வைப்பர் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பின்னாடி மாத்திட்டீங்களா சார்? கிளிப் எல்லாம் புதுசா இருக்கு.”

“ஆமாண்ணே.”

“எந்த ஒர்க்‌ஷாப்ல?”